எல்7/எல்12 புரதம்: குப்பியாக வாங்குவதா, குடுவையில் நாமே செய்வதா?

புருசெல்லா என்ற கிருமியால் மாட்டுக்கு வரும் கன்று வீச்சு நோயில் ஆய்வு செய்யக் கிளம்புகிற ஸ்காலர்கள், கோவையோ நாமக்கல்லோ உடுமலையோ, சீக்கிரத்திலேயே ஒரு கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ‘புருசெல்லா அபார்ட்டஸ், 50எஸ் ரைபோசோம் புரதம் எல்7/எல்12, ரீகாம்பினன்ட், 100 மைக்ரோகிராம்’ என்று ஒரு வரி. அதாவது அந்தக் கிருமியின் ஒரு புரதத்தை வேறு செல்லில் செய்து குப்பியில் அடைத்தது. எதிரே உதவித்தொகையை விழுங்கிவிடும் ஒரு விலை. பக்கத்து மேசைக்காரர், "12 கிலோடால்டன் புரதம், இதுக்குப் போய் காசு கொடுக்கிறதா? ஒரு வாரத்துல நாமே பண்ணிக்கலாம்" என்பார். கைடு, "ஒரு வாரம்னு ஆரம்பிச்சது ஒரு வருஷம் இழுக்கும், பேசாம வாங்கிப் போடுங்க" என்பார். ரெண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

நான் இதில் ஒரு பக்கம் சாய்ந்தவன். மாட்டுச் சீரத்தை வைத்து எலைசா (ஆன்டிபாடி இருந்தால் நிறம் காட்டும் பரிசோதனை) செய்யப்போகிறவர் நாமே செய்யும் வழிக்குத்தான் போகவேண்டும் என்பது என் கட்சி. விலைக்காகச் சொல்லவில்லை. காரணம் வேறு, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். ஆனால் எல்லா ஆய்வுக்கும் இது பொருந்தாது. சில வேலைக்கு வாங்குவதே சரி. சில வேலைக்கு இந்தப் புரதமே தேவையில்லை.

எதற்கு இந்தப் புரதம்?

பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ் அளவு. அதில் 30எஸ் சிறு பகுதி, 50எஸ் பெரும்பகுதி. பெரும்பகுதியில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள் உண்டு. மற்றவை எல்லாம் ஒரு ரைபோசோமுக்கு ஒன்று என்று இருக்க, எல்7/எல்12 மட்டும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஈ.கோலையில் நான்கு, வேறு சில பாக்டீரியாவில் ஆறு. எல்12-இன் நுனியில் ஒரு அசிட்டைல் ஒட்டினால் அதுதான் எல்7, அதனால்தான் இந்த இரட்டைப் பெயர். 2014-க்குப் பிறகு வந்த பெயரிடல் முறையில் இது பிஎல்12. பழைய பெயர், புதுப் பெயர், ஆர்பிஎல்எல் என்ற ஜீன் பெயர் மூன்றையும் போட்டுத் தேடினால்தான் கேட்டலாகில் எல்லாம் கண்ணில் படும்.

புருசெல்லா ஆட்கள் இதன் பின்னால் போவதற்குக் காரணம், இது வெள்ளணுக்களைத் தூண்டும் ஆன்டிஜென். புருசெல்லின் என்ற தோல் பரிசோதனைப் பொருளில் வேலை செய்யும் முக்கியமான கூறுகளில் இது ஒன்று என்று 1994-இல் கினிப்பன்றிகளில் காட்டினார்கள். 1996-இல், ஈ.கோலையில் செய்த இதே புரதத்தைச் சுண்டெலிகளுக்குப் போட்டு ஓரளவு பாதுகாப்புக் கிடைப்பதையும் காட்டினார்கள். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. புருசெல்லா மூன்றாம் ஆபத்துப் பிரிவுக் கிருமி. அதை உயிரோடு வளர்க்க பிஎஸ்எல்-3 என்ற உயர் பாதுகாப்பு ஆய்வக வசதி வேண்டும். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. புரதத்தை மட்டும் தனியாக ஈ.கோலையில் செய்துகொண்டால் கிருமியைத் தொடவே வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஆர்பிபிடி (ரோஸ் பெங்கால்) சீரம் பரிசோதனையில் தடுப்பூசி போட்ட மாடும் பாசிட்டிவ் காட்டுது, நோய் வந்த மாடும் பாசிட்டிவ் காட்டுது, எல்7/எல்12 வச்சுப் பிரிச்சுடலாம்" என்று புராஜெக்ட் புரபோசலில் எழுதிவிடுகிறார்கள். பிரிக்க முடியாது. 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்குப் போடுவது எஸ்19 என்ற உயிருள்ள தடுப்பூசி. அந்தக் கிருமியிலும் இதே எல்7/எல்12 இருக்கிறது. யெர்சினியா ஓ:9 கிருமியால் வரும் போலிப் பாசிட்டிவைக் குறைக்கலாம் என்ற வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. அந்தக் குழப்பம் செல்லின் மேலே உள்ள எல்பிஎஸ் சர்க்கரைச் சங்கிலியால் வருவது, இது உள்ளே இருக்கும் புரதம். ஆனால் ரைபோசோம் புரதங்கள் பாக்டீரியா குடும்பம் முழுவதும் ஒன்றுக்கொன்று சாயல் உள்ளவை. யெர்சினியாவுக்கும் ஒரு எல்7/எல்12 உண்டு. போதாததற்கு, மாட்டின் ஆன்டிபாடிகள் முதலிலும் அதிகமாகவும் பாய்வது எல்பிஎஸ் மேல்தான். இந்தப் புரதத்தை மட்டும் நம்பி சீரம் பரிசோதனை அமைத்தால் சென்சிடிவிட்டி அடிபடும். பிபி26 போன்ற வேறு புருசெல்லாப் புரதங்களோடு சேர்த்து ஒரு கூட்டணியாக வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

சரி, இவ்வளவையும் தெரிந்துகொண்டு, இன்னமும் வேண்டும் என்றால் மேலே போவோம்.

எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கு மாடு கொடுத்து வாங்கும் ஊர்களில், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மேயும் மாடுகளில் என்று 500 சீரம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு குழியில். அதாவது 1000 குழி. ஒரு தட்டில் 96 குழி. கன்ட்ரோலுக்கும் வெற்றுக் குழிக்கும் 16 போனால் மீதி 80. அப்படியானால் 13 தட்டு. மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வீதம் 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஒரு குழிக்கு 0.1 மைக்ரோகிராம், 13 தட்டுக்குச் சுமார் 125 மைக்ரோகிராம். 2 மைக்ரோகிராம் வீதம் ஊற்றினால் 250. இதற்கு முன்னால் செக்கர்போர்டு போட்டு எந்த அளவு சரி என்று தேடவேண்டும். நடுவில் ஒன்றிரண்டு தட்டு கெட்டுப்போகும், ரெவ்யூவர் ரிப்பீட் கேட்பார். ஆக, 400 அல்லது 500 மைக்ரோகிராம் கையில் இல்லாமல் இறங்குவது சரியல்ல.

முயலுக்கு ஊசி போட்டு ஆன்டிபாடி எடுக்கப் போகிறவருக்கு முதல் ஊசி, பூஸ்டர்கள் எல்லாம் சேர்த்து மில்லிகிராம் கணக்கில் வரும். மாறாக, வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு ஓரத்தில் பாசிட்டிவ் கன்ட்ரோலாக ஓட்டுவதற்கு ஒரு லேனுக்கு 50 முதல் 100 நானோகிராம் போதும். இருப்பதிலேயே சின்னக் குப்பியை வாங்கிச் சின்னச் சின்ன அலிக்வாட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் புராஜெக்ட் முடியும்வரை ஓடும். இவர் குடுவை, ஷேக்கர், நிக்கல் காலம் (column, புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் குழாய்) என்று இறங்குவது வெட்டி வேலை. இவருக்கான பதில் இங்கேயே முடிந்தது: வாங்கிவிடுங்கள்.

குப்பியில் என்ன வரும்?

கேட்டலாக் பக்கத்தில் ஒரே புரதத்துக்கு நான்கு வகை போட்டிருப்பார்கள்: ஈ.கோலை, ஈஸ்ட், பாகுலோவைரஸ் வழியாகப் பூச்சிச் செல், பாலூட்டிச் செல். கீழே போகப் போக விலை ஏறும். விலை ஏறினால் தரமும் ஏறும் என்று நினைத்துப் பாலூட்டிச் செல்லில் செய்ததை ஆர்டர் செய்பவர்கள் உண்டு. பாக்டீரியாவின் புரதத்துக்கு அது வீண். மனிதப் புரதத்துக்குச் சர்க்கரை ஒட்டும் வேலை சரியாக நடக்கவேண்டும் என்பதற்காக வந்த முறை அது. பாக்டீரியாப் புரதத்தை அங்கே செய்து வெளியே சுரக்கவிட்டால், இல்லாத இடத்தில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு ஆன்டிபாடி பிடிக்கும் இடத்தை மறைத்துவிடவும் வாய்ப்புண்டு. பூச்சிச் செல்லுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். உண்மையான போட்டி ஈ.கோலைக்கும் ஈஸ்டுக்கும் இடையில்தான்.

தூய்மை என்ற இடத்தில் ‘எஸ்டிஎஸ்-பேஜ் ஜெல்லில் 85 சதவீதத்துக்கு மேல்’ என்று இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 15 சதவீதம் என்ன என்பதுதான் கேள்வி. ஈ.கோலையில் செய்திருந்தால் அந்த 15 சதவீதம் பெரும்பாலும் ஈ.கோலைப் புரதம். உலகத்தில் எந்த மாட்டை எடுத்தாலும் அதன் குடலில் ஈ.கோலை இருக்கும், ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் இருக்கும். எலைசாத் தட்டில் அந்த அழுக்கின் மேல் ஆன்டிபாடி போய் உட்கார்ந்தால், நோயே இல்லாத மாடும் மஞ்சள் நிறம் காட்டும். அந்த நிறத்தை உண்டாக்கும் எச்ஆர்பி, டிஎம்பிக்கு இது புருசெல்லா, இது ஈ.கோலை என்ற பேதமெல்லாம் தெரியாது.

டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க வசதியாக அதன் நுனியில் சேர்க்கும் வால்) விஷயத்தில் இன்னொரு பொறி. ‘டேக் வகை தயாரிப்பின்போது முடிவு செய்யப்படும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதாவது ஆர்டர் வந்தபிறகுதான் செய்கிறார்கள், எது கரைகிறதோ அந்த டேக். இன்று ஹிஸ் டேக்கோடு வருவது அடுத்த வருடம் வேறு டேக்கோடு வரலாம். ஆறு ஹிஸ்டிடின் என்றால் ஒரு கிலோடால்டனுக்கும் குறைவு, பெரிதாகக் கவலை இல்லை. ஜிஎஸ்டி டேக் என்றால் 26 கிலோடால்டன், நம் புரதத்தைவிட இரண்டு மடங்கு பெரிது. தட்டில் பூசுவதில் மூன்றில் இரண்டு பங்கு டேக்தான். அதுவும் அந்த ஜிஎஸ்டி சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழுவிலிருந்து எடுத்தது. கல்லீரல் புழு சாதாரணமாக இருக்கும் மாட்டுக் கூட்டத்தின் சீரத்தை அதன்மேல் ஊற்றுவது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. முழு நீளப் புரதமா, பகுதிப் புரதமா என்பதையும் கேட்டுவிடவேண்டும். 124 அமினோ அமிலம் உள்ள புரதத்தில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துவிட்டு அதே பெயரில் விற்பதும் நடக்கிறது.

அப்புறம் ஊர் சேருவது. உலர்த்திய பொடியாக வந்தால் பிரச்சினை குறைவு. திரவமாக டிரை ஐஸில் வந்தால், சென்னையிலோ பெங்களூரிலோ சுங்கத்தில் இரண்டு நாள், கூரியர் கிடங்கில் சனி ஞாயிறு என்று தாமதமானால் பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் இருந்த இடத்தில் வெறும் தெர்மாகோல்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஈரோட்டு வெயிலில் அந்தப் பெட்டி எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. முடிந்தவரை பொடியாகக் கேளுங்கள், திங்கட்கிழமையே கிளம்பும்படி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் மூடியைத் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் அளவில் கரைத்து, கிளிசரால் சேர்த்துப் பிரித்து மைனஸ் 20-இலோ மைனஸ் 80-இலோ போடவேண்டும். திரவமாக ஆறு மாதம், பொடியாக ஒரு வருடம் என்பது பொதுவாகத் தரும் கெடு. 4 டிகிரியில் வைத்தது ஒரு வாரத்துக்குமேல் வேண்டாம்.

நாமே செய்தால்

ஜீன் சின்னது, 375 பேஸ் அளவு. ஜீன் சிந்தசிஸ் நிறுவனங்கள் பேஸ் கணக்கில்தான் காசு வாங்குகின்றன. ஆகவே இது இருப்பதிலேயே மலிவான வகை. பிஇடி28ஏ வெக்டரில் (ஜீனைச் செல்லுக்குள் சுமந்து போகும் பிளாஸ்மிட்) போட்டே அனுப்பச் சொல்லலாம். வந்ததும் பிஎல்21(டிஇ3) என்ற ஈ.கோலை செல்லில் ஏற்ற வேண்டியதுதான். ஜீனுக்காக எஸ்19 தடுப்பூசிக் குப்பியைத் திறந்து டிஎன்ஏ எடுக்கலாமே என்று சிலர் ஐடியா சொல்வார்கள். அது உயிருள்ள கிருமி, மனிதனுக்கும் தொற்றும். சாதாரண ஆய்வகத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். சிந்தசிஸ் காசு அதைவிட மலிவு.

காகித வேலையும் உண்டு. 2017-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) வெளியிட்ட உயிரியல் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்கு (ஐபிஎஸ்சி)த் தெரியப்படுத்தவேண்டும். ஆபத்தில்லாத ஈ.கோலையில் ஆபத்தில்லாத ஒரு புரதம் என்பதால் பெரிய தடை வராது. ஆனால் குழு கூடுகிற நாளைப் பார்த்து முன்கூட்டியே கொடுத்துவைக்கவேண்டும்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. கல்ச்சரின் கலங்கல் அளவு (ஓடி) 0.6 வந்ததும் ஜீனை இயக்கிவிடும் ஐபிடிஜி, 37 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம், அல்லது 18 டிகிரியில் இரவு முழுக்க. இரவு முழுக்க ஓட்டுவதானால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை மறுநாள் காலையில் விழுகிறதா என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, பஃபர் போட அவ்வளவு ஆகாது. மில்லி-கியூ என்ற மிகத் தூய நீர்தான். எல்7/எல்12 அமிலத்தன்மை உள்ள, நன்றாகக் கரையும் சின்னப் புரதம். மற்ற ரைபோசோம் புரதங்கள் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை, ஆர்என்ஏவைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், இன்க்ளூஷன் பாடி என்ற கரையாத கட்டியாக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு லிட்டர் கல்ச்சரில் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம்வரை எதிர்பார்க்கலாம். மேலே போட்ட 500 மைக்ரோகிராம் கணக்குக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

இதில் ஆட்களைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிக்கல் காலத்திலிருந்து வந்த ஃப்ராக்‌ஷன்களை நானோடிராப் என்ற ஒளி அளவீட்டுக் கருவியில் வைத்து 280 நானோமீட்டரில் பார்ப்பார்கள். வாஷ் ஃப்ராக்‌ஷனுக்கும் எலூஷனுக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. புரதம் வரவில்லை என்று முகம் வாடும். அந்த ஃப்ராக்‌ஷனைக் கீழே ஊற்றுவதற்கு முன் 15 சதவீத ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், ஜெல்லின் அடியில் டை ஃப்ரண்டுக்குக் கொஞ்சம் மேலே, விரல் கனத்துக்கு நீல பேண்ட் நிற்கும். 280-இல் ஒளியை விழுங்குவது டிரிப்டோபேனும் டைரோசினும். ஈ.கோலையின் எல்7/எல்12-இல் இந்த இரண்டும் கிடையவே கிடையாது. சிஸ்டீனும் இல்லை. புருசெல்லாவின் புரதமும் அதே குடும்பம்தான், இவை மிகக் குறைவு. பிஇடி28ஏ சேர்க்கும் ஹிஸ் டேக் நுனியிலும் டிரிப்டோபேனோ டைரோசினோ இல்லை. ஆகவே உங்கள் அமினோ அமில வரிசையை முதலில் புராட்பாராம் என்ற இணையக் கருவியில் போட்டு எக்ஸ்டிங்ஷன் கோஎஃபிஷியன்ட் (ஒளியை விழுங்கும் திறன்) எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். நிறம் மாறுவதை வைத்து அளக்கும் பிசிஏ முறையில் அளக்கலாம். ஆனால் நிக்கலிலிருந்து புரதத்தை விடுவிக்கப் போட்ட இமிடசோல் பிசிஏவைக் கெடுக்கும். 280-இலும் அது கொஞ்சம் நிழல் காட்டும். டயாலிசிஸ் செய்து இமிடசோலைப் போக்கிவிட்டு அளந்தால்தான் கணக்கு உருப்படும். பிராட்ஃபோர்ட் முறையோ ஆர்ஜினினை நம்பி நிறம் மாறுவது, ஆர்ஜினின் குறைந்த புரதத்தை அது குறைத்தே காட்டும். கடையில் வாங்கிய குப்பியின் மேல் போட்டிருக்கும் 100 மைக்ரோகிராம் எந்த முறையில் அளந்தது என்று கேட்பதற்கும் இதுவே காரணம்.

ஜெல்லும் 10 சதவீதம் போட்டால் இந்தப் புரதம் டையோடு சேர்ந்து ஓடிப்போய்விடும். 15 சதவீதம், இல்லாவிட்டால் டிரைசின் ஜெல்.

சுத்தம் செய்வதில் இரண்டு விஷயம். ஒன்று, இது ரைபோசோம் புரதம் என்பதால் ஈ.கோலையின் சொந்த ரைபோசோமோடும் ஒட்டுறவு வைத்துக்கொள்ளலாம். நிக்கல் காலத்தில் 1 மோலார் உப்போடு ஒரு வாஷ் கொடுங்கள், 260-இல் உச்சம் (ஆர்என்ஏ ஒட்டியிருப்பதன் அடையாளம்) தெரிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு, நிக்கல் காலத்தில் எஸ்எல்ஒய்டி என்ற ஈ.கோலைப் புரதம் தானாக வந்து ஒட்டும். 25 கிலோடால்டன் பக்கம் மெல்லிய பேண்ட் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். நம் புரதம் 12, அது 25. அளவை வைத்துப் பிரிக்கும் சைஸ் எக்ஸ்க்ளூஷன் காலம் இருந்தால் பிரிக்கலாம் என்று தோன்றும். ஆனால் எல்7/எல்12 தனியாக நிற்காது, இரண்டிரண்டாகச் சேர்ந்து நீளமாக நிற்கும். அதனால் அந்தக் குழாயில் தன் எடைக்கு மீறிய இடத்தில்தான் வெளியே வரும். அங்கே ஏமாறக்கூடாது.

வெற்றுத் தயாரிப்பு

நாமே செய்யவேண்டும் என்று நான் அடம்பிடிப்பதன் காரணம் இதுதான். ஜீன் இல்லாத வெறும் பிஇடி28ஏ ஏற்றிய அதே பிஎல்21 செல்லை, அதே நாளில், அதே ஐபிடிஜி கொடுத்து, அதே நிக்கல் காலத்தில், அதே வாஷ், அதே எலூஷன் என்று ஓட்டி எடுத்தால் உங்கள் கையில் இருப்பது புரதம் நீங்கிய அழுக்கு. எலைசாத் தட்டில் பாதிக் குழியில் புரதம், மீதிக் குழியில் அதே கன அளவில் இந்த வெற்றுத் தயாரிப்பு. ஒவ்வொரு சீரத்துக்கும் இரண்டையும் கழித்துப் பார்க்கலாம். ஈ.கோலை ஆன்டிபாடி எவ்வளவு, புருசெல்லா ஆன்டிபாடி எவ்வளவு என்பது ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகத் தெரியும். தட்டு இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். கூடவே சீரத்தை ஈ.கோலை லைசேட்டில் (செல்லை உடைத்த சாறு) ஊறவைத்து அந்த ஆன்டிபாடிகளை முன்பே உறிஞ்சிவிடும் முறையும் இருக்கிறது. இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது.

குப்பி வாங்கியவருக்கு இந்த வசதி கிடையாது. அவருக்குப் புரதம் கிடைக்கும், அதன் வெற்றுத் தயாரிப்பு கிடைக்காது. பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) பூசிய குழியை வைத்துக் கழித்துக்கொள்வார். பிஎஸ்ஏவில் ஈ.கோலை அழுக்கு இல்லை, ஆகவே அந்தக் கழித்தல் ஒன்றையும் கழிக்காது. விவரம் தெரிந்த ரெவ்யூவர் கையில் பேப்பர் சிக்கினால் முதல் கேள்வியே அதுதான்.

லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) மாறுவதும் இதோடு சேர்ந்தது. பாதி சீரத்தை ஒரு லாட்டிலும் மீதியை வேறு டேக் உள்ள இன்னொரு லாட்டிலும் ஓட்டினால் கட்-ஆஃப் என்று ஒன்றைப் போடவே முடியாது. நாமே செய்தால் ஒரே கல்ச்சரில் மொத்தத் தேவையும் வந்துவிடும், ஒரே லாட். வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிறவர் மொத்தத்தையும் ஒரே தடவையில், ஒரே லாட் நம்பரில் கேளுங்கள். கொட்டேஷனிலேயே அதை எழுதி வாங்குங்கள்.

வாங்குவதே சரி என்கிற இடம்

டி செல் வேலை என்றால் நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். மாட்டு ரத்தத்தில் வெள்ளணுக்களைப் பிரித்துப் புரதத்தோடு வளர்த்து இன்டர்ஃபெரான்-காமா அளக்கிற ஆய்வு. எல்7/எல்12-க்கு உண்மையில் பொருத்தமான ஆய்வும் இதுதான். இங்கே எதிரி ஈ.கோலைப் புரதம்கூட அல்ல, எண்டோடாக்சின். ஈ.கோலையின் எல்பிஎஸ் துளி இருந்தாலும் வெள்ளணுக்கள் தானாகக் கொதித்தெழும், நம் புரதத்துக்குத்தான் பதில் வந்தது என்று நாம் நம்பிவிடுவோம். டிரைட்டான் எக்ஸ்-114, பாலிமிக்சின் பி காலம் என்று போக்கலாம், எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் பரிசோதனை செய்து சரிபார்க்கலாம். செய்யத் தெரிந்த கை வேண்டும், ஒவ்வொரு தடவையும் செய்யவேண்டும். ஈஸ்டுக்கு இந்த எல்பிஎஸ்ஸே கிடையாது. ஈஸ்டில் செய்த குப்பி, எண்டோடாக்சின் அளவு எழுத்தில் கொடுத்தது, பொடியாக வருவது. இந்த மூன்றும் அமைந்தால் கூடுதல் விலை நியாயமானது. ஆனால் ஈஸ்டிலும் ஈஸ்டின் சொந்தச் சுவர்ச் சர்க்கரை ஒட்டி வரலாம். ஆகவே வேறு ஏதாவது ஒரு ஈஸ்ட் புரதத்தையும் கன்ட்ரோலாகப் பக்கத்தில் ஓட்டவேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியும் இருக்கிறது: பெங்களூரிலோ ஹைதராபாதிலோ உள்ள ஒப்பந்த ஆய்வகத்தில் நமக்காகச் செய்து வாங்குவது. நிக்கல் காலம், சோனிகேட்டர் எதுவும் இல்லாத கல்லூரிக்கு இது நல்லது. குப்பி வாங்குவதைவிட ஒரு மில்லிகிராமுக்கு மலிவாக முடியும். கேட்டால் வெற்றுத் தயாரிப்பும் செய்து கொடுப்பார்கள், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். பிளாஸ்மிடும் நம் கைக்கு வரவேண்டும் என்று வேலை ஆணையில் எழுதிவிடுங்கள். ஆனால் மார்ச் மாதக் கடைசியில் ஃபண்ட் காலாவதி ஆகிறதே என்று அவசரமாக இதில் இறங்கினால் பில் மட்டும் மார்ச்சில் வரும், புரதம் ஜூனில்தான் வரும்.

வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்

ஸ்ட்ரெப்டோமைசின் ரெசிஸ்டன்ஸ் 30எஸ் சிறு பகுதியில் உள்ள எஸ்12 புரதத்தில் வருகிறது என்று படித்துவிட்டு, தனி எஸ்12 புரதத்தை வாங்கி அதில் மருந்தோ மூலிகைச் சாறோ ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஆய்வுத் திட்டங்கள் நிறைய வருகின்றன. ரைபோசோமைத் தாக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை ஒட்டுவது ஆர்என்ஏ மேல். ஸ்ட்ரெப்டோமைசினும் அப்படித்தான், 16எஸ் ஆர்என்ஏவோடு. எஸ்12 பக்கத்தில் இருந்து அந்த இடத்தின் வடிவத்தை நிர்ணயிக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பெற்றதற்கு அடித்தளமான 30எஸ் அமைப்பு ஆய்வில் வெளிச்சத்துக்கு வந்ததும் இந்த மாதிரி விவரங்கள்தான். தனியாக ஒரு எஸ்12 என்பது வண்டியில்லாத கடையாணி. இந்த ஆய்வுக்கு வேண்டியது முழு 70எஸ் ரைபோசோம், அதை ஈ.கோலை செல்லை உடைத்து அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜில் எடுக்கவேண்டும். அந்த வசதி இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள்.

நாமக்கல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். எல்7/எல்12-க்கு எதிரான ஆன்டிபாடிதான் வேண்டும் என்றால் முயலைத் தேடவேண்டாம். புரதத்தைக் கோழிக்குப் போட்டால் ஆன்டிபாடி முட்டை மஞ்சள் கருவுக்கு வந்துவிடும், ரத்தம் எடுக்கவே வேண்டாம். ஒரு முட்டையில் 50 முதல் 100 மில்லிகிராம் ஐஜிஒய் (கோழியின் ஆன்டிபாடி) கிடைக்கும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இதற்கும் வேண்டும்.

எந்த வழியில் புரதம் வந்தாலும் அதன்மேல் ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றுதான் இருக்கும். சீரம் எடுக்கப் போன தோட்டத்தில், "நம்ம மாட்டுக்கு என்னங்க வந்துச்சு, ஏழாம் மாசம் கன்னு வீசிருச்சே?" என்று கேட்பார்கள். உங்கள் எலைசா எண்ணை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். அந்த மாட்டின் சீரத்தைத் தனியாக ஒரு குழாயில் எடுத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கால்நடை மருத்துவர் வழியாக அனுப்புங்கள். வீசின கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடவேண்டாம், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கவேண்டும், அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்று மட்டும் அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.